நிலத்துல நடந்த முதலைக்கு உதடு, கன்னம், தும்பிக்கை எல்லாம் வைக்கலாமா?

களிமண்கை:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாலிமர் க்ளேல சின்னச் சின்ன மிருகங்க செய்யறவன். இதுவரைக்கும் டைனோசர்தான் அதிகம், இப்போ கொஞ்சம் மாத்திப் பாப்போமேன்னு நிலத்துல நடந்து திரிஞ்ச பழைய முதலைச் சொந்தக்காரங்க பக்கம் வந்திருக்கேன். முதல்ல கையில எடுத்தது கப்ரோசூக்கஸ். நைஜர் நாட்டுல கிடைச்சது, 2009-ல செரினோ, லார்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பேர் வெச்சது, சுமார் 9.5 கோடி வருஷம் பழசு. அரை மீட்டர் நீள மண்டையோடு, வாயை மூடினாலும் மேலயும் கீழயும் துருத்திக்கிட்டு நிக்கிற கோரைப்பல்லு, தலைக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி எலும்பு. பாத்ததுல இருந்து கை துறுதுறுங்குது.

பிரச்சினை என்னன்னா ரெஃபரன்ஸுக்குப் படம் தேடினா ஒருத்தர் போட்டது மாதிரி இன்னொருத்தர் போடல. ஒரு படத்துல கழுத்துல பிடரி மயிர் இருக்கு, ஒண்ணுல தடிமனா உதடு வந்து பாதிப் பல்லை மூடிருக்கு, இன்னொண்ணுல அந்தக் கொம்புக்கு மேல ஆட்டுக்கொம்பு நீளத்துக்கு ஒரு உறை. அடுத்து செய்யலாம்னு வெச்சிருந்த நோட்டோசூக்கஸ் இன்னும் மோசம், அதுக்கு குட்டித் தும்பிக்கையும் கொழுகொழுன்னு கன்னமும் வெச்சு வரைஞ்சிருக்காங்க, அதையே வேற ஒருத்தர் சாதா முதலை மூஞ்சியாட்டம் வரைஞ்சிருக்காரு.

கற்பனை பண்றதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, நானும் பண்ணத்தான் போறேன். ஆனா இதுல எது எலும்பைப் பாத்து சொன்னது, எது சும்மா அழகா இருக்கேன்னு போட்டதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

ராத்திரி ஆந்தை:

பிடரி மயிருக்குக் காரணம் ரொம்ப சிம்பிள் ப்ரோ. செரினோ அதுக்குக் காட்டுப்பன்னி முதலைன்னு ஒரு செல்லப் பேரு வெச்சாரு, அப்போ நைஜர், மொராக்கோ பக்கம் கிடைச்சதுக்கெல்லாம் நாய் முதலை, எலி முதலை, வாத்து முதலை, தோசை முதலைன்னு வரிசையா இப்படித்தான் வெச்சாங்க, பத்திரிகைக்காரங்களுக்கு செம தீனி. பன்னின்னு சொன்னப்புறம் வரையறவன் மனசுல பன்னிதான வரும்? தந்தம் இருக்கு, முடியும் இருக்கட்டும்னு போட்டுட்டான். எலும்புல அதுக்கு ஒண்ணுமே கிடையாது. இதுல காமெடி என்னன்னா அந்த மிருகத்தோட உடம்புன்னு எதுவுமே இதுவரைக்கும் பேர் வெச்சு வெளிய வரல, இருக்கறது தலை மட்டும்தான். கழுத்தே இல்லாத மிருகத்துக்குப் பிடரி.

மாட்டு டாக்டர்:

நான் கால்நடை டாக்டர், முதலை யாரும் என்கிட்ட ட்ரீட்மென்ட்டுக்கு வந்ததில்ல, ஆனா இந்த மூக்கு கன்னம் விஷயத்துல பன்னியும் மாடும் தெரிஞ்சவன்கறதால வாயைத் திறக்கறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

செத்துப் போன மிருகத்தோட சதையைப் பத்தி பேச ஒரு வழி இருக்கு, 1995-ல விட்மர்னு ஒருத்தர் அதை முறையா எழுதி வெச்சாரு. அழிஞ்சு போன மிருகத்தோட உயிரோட இருக்கற கிட்டத்துச் சொந்தம் ரெண்டு பக்கமும் யாருன்னு பாரு, ரெண்டு பேருக்கும் அந்த உறுப்பு இருந்து, அது எலும்புல ஒரு தடயத்தையும் விட்டு, அதே தடயம் ஃபாசில்லயும் இருந்தா தைரியமா வை. ஒரு பக்கம் மட்டும் இருந்தா யோசிச்சு வை. ரெண்டு பக்கமும் இல்லைன்னா உன் பொறுப்புல வை. நம்ம ஆளுங்களுக்கு ஒரு பக்கம் இப்போ இருக்கற முதலை, இன்னொரு பக்கம் பறவை. பன்னி இந்தக் கூட்டத்துலயே இல்ல. அதுதான் முதல் விஷயம்.

இப்போ பன்னியோட மூக்கை எடுத்துக்கோங்க. போஸ்ட்மார்ட்டத்துல பன்னி முகத்துத் தோலை உரிச்சா கன்னத்துக்கு மேல எலும்புல ஒரு பள்ளம் இருக்கும், அங்க இருந்து ஒரு தசை கிளம்பி முன்னாடி போகப் போக வெள்ளையா நார் மாதிரி மெலிஞ்சு மூக்கு நுனித் தட்டுல போய் சேரும். அந்தத் தட்டுக்குள்ளயே தனியா ஒரு சின்ன எலும்பும் உண்டு. அந்த நாரைப் புடிச்சு இழுத்தா செத்த பன்னியோட மூக்கு மேல தூக்கும், நல்லா தெரியும். அதுதான் மண்ணைக் கிளர்ற மெஷின். யானைத் தும்பிக்கைலயும் இதே வகைத் தசைதான் ஓடுது. இதுக்கெல்லாம் கட்டளை குடுக்கறது முக நரம்பு. பாலூட்டிக்கு மட்டும்தான் அந்த நரம்பு முகம் பூரா பரவி உதடு, கன்னம், மூக்குன்னு ஆட்டுது. முதலைக்கும் பறவைக்கும் அதே நரம்பு இருக்கு, ஆனா அது போறது வாயைத் திறக்கற தசைக்கும் கழுத்துத் தோலுக்கும்தான். முகத்துல உதடு, கன்னம்னு ஆட்டற தசையே கிடையாது. முதலை முகத்துல தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல விரல் விடக்கூட இடம் இருக்காது, அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அதனால நோட்டோசூக்கஸுக்கு ஆடி அசையற தும்பிக்கைன்னா, தசையையே புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கணும். முடியாதுன்னு சொல்லல, ரொம்பப் பெரிய கடன்னு சொல்றேன். ஆனா அந்த யோசனை சும்மாவும் வரல. 2008-ல ஃபியொரெல்லியும் கால்வோவும் அர்ஜென்டினாவுல நியூகென் பக்கம் கிடைச்ச புது எலும்புகளை வெச்சு எழுதினப்போதான் கன்னம், பன்னி மூக்கு ரெண்டையும் எடுத்து வெச்சாங்க. நோட்டோசூக்கஸ் மூஞ்சி குட்டை, மூக்கு ஓட்டை மேல பாக்காம நேரா முன்னாடி பாக்குது. முதலைக்கு மேல பாக்கறது ஏன், தண்ணிக்குள்ள கிடக்கும்போது மூச்சு விட. இது தரையில நடக்கறது, மோப்பம் புடிக்கறது, அதனால முன்னாடி. அந்த ஓட்டையைச் சுத்தி சதைப்பிடிப்பா, ஈரமா, கொஞ்சம் உப்பலா ஒரு மூக்கு வெச்சா நான் ஒத்துக்குவேன். இப்போ இருக்கற முதலைக்கே மூக்கு நுனியில சதை மேடு இருக்கு, மூக்கை மூடித் திறக்க தசையும் இருக்கு. நீட்டி மடக்கற தும்பிக்கை மட்டும் வேணாம்.

கன்னமும் இதே கதைதான். நாம மெல்லும்போது சோத்தைப் பல்லுக்கு நடுவுல திருப்பித் தள்ளுதே, அந்தக் கன்னத் தசை இவங்களுக்கு வர வழியில்ல. ஆனா தசை இல்லாத வெறும் தோல் மடிப்பு ஒண்ணு மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவுல இருந்திருக்கலாம். நோட்டோசூக்கஸ் கூட்டத்துல நிறைய பேரு தாடையை முன்னும் பின்னும் இழுத்து அரைச்சவங்க, சிலதோட பல்லு பாலூட்டிப் பல்லாட்டமே இருக்கும். 2010-ல தான்சானியால இருந்து வந்த பக்காசூக்கஸைப் பாருங்க, பூனை சைஸு, கடவாய்ப்பல்லு மாதிரி பல்லு. மெல்லறவனுக்கு வாயில இருந்து சோறு கொட்டாம இருக்க ஏதோ ஒண்ணு வேணும்ங்கறது நியாயமான வாதம். நியாயமான வாதம்தான், ஆதாரம் இல்ல.

உதடு பத்தி: 2023-ல சயன்ஸ் பத்திரிகையில டைரனோசாருக்கு உதடு இருந்துச்சுன்னு ஒரு கட்டுரை வந்துச்சே, அதுல பல்லோட எனாமல் எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாத்தாங்க. அலிகேட்டர் பல்லு வெளில தெரியறதால வெளிப்பக்கம் அதிகம் தேயுது, டாஸ்பிளெட்டோசாரஸ்ங்கற டைரனோசார் பல்லு அப்படித் தேயல. இன்னொண்ணு தாடை ஓரத்துல இருக்கற நரம்பு ஓட்டைங்க. உதடு இருக்கற பல்லி மாதிரி மிருகத்துக்குப் பல்வரிசைக்கு மேல ஒரே வரிசையா பெரிய ஓட்டையா இருக்கும், முதலைக்கு தாடை பூரா பொடிப்பொடியா சிதறிக் கிடக்கும், ஏன்னா முதலை முகத்துல தண்ணி அசைவை உணர சின்னச் சின்னக் குமிழ் ஆயிரக்கணக்குல இருக்கு. களிமண்கை, நீங்க செய்யப் போற மிருகத்தோட மண்டையோட்டுப் போட்டோ எடுத்து முதல்ல அந்த ஓட்டை வரிசையைத்தான் பாக்கணும். பல்லை அப்புறம் பாருங்க.

கப்ரோசூக்கஸோட அந்த நீளப் பல்லுங்க மட்டும் எந்த உதட்டுக்குள்ளயும் அடங்காது. கீழ்ப்பல்லு போய் உக்கார மேல்தாடையில பள்ளமே வெட்டி வெச்சிருக்கு. மத்த சின்னப் பல்லுங்களை ஒரு செதில் ஓரம் மூடிருந்தா தப்பில்ல.

பொம்மை மேஸ்திரி:

டாக்டர் சொன்னதெல்லாம் ஒத்துக்கறேன், ஆனா ஒரு விஷயம் எனக்கு எப்பவுமே உறுத்தும். எலும்புல தடயம் இருந்தாதான் வைக்கணும்னு ஆரம்பிச்சா கடைசில எல்லா மிருகமும் தோல் போத்தின எலும்புக்கூடா வந்து நிக்கும். பேலியோஆர்ட்ல, அதாவது அழிஞ்சு போன மிருகங்களை வரையற கலையில, இதுக்கு ஷ்ரிங்க் ராப்னு பேரே இருக்கு.

எட்மொன்டோசாரஸ் ஞாபகம் இருக்கா? வாத்து மூஞ்சி டைனோசர், நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச மிருகம், எலும்புக்கூடு ஏகப்பட்டது, தோலோட மம்மியா கூட கிடைச்சிருக்கு. கனடாவுல கிடைச்சு 2014-ல கட்டுரையா வந்த ஒண்ணுல தலை மேல சேவக் கொண்டை மாதிரி சதைக் கொண்டை. எலும்புல அதுக்கு ஒரு கீறல் கிடையாது. அதுக்கு முன்னாடி ஒருத்தன் கொண்டை வெச்சு வரைஞ்சிருந்தா நாமளே சிரிச்சிருப்போம்.

முதலைப் பக்கமே வாங்க. சம்பல் ஆத்துல இருக்கற, மூஞ்சி நீளமா ஒல்லியா இருக்கற கரியால் முதலையில ஆணுக்கு மூக்கு நுனியில ஒரு உருண்டைக் குமிழ் இருக்கும்ல, அது முழுக்க சதை. நல்லா வளர்ந்த ஆணோட மண்டையோட்டுல மூக்கு ஓட்டையைச் சுத்தி ஒரு பள்ளம் மட்டும் தெரியும்னு 2020-ல ஹோன் குழு நிறைய மண்டையோடு அளந்து சொன்னாங்க. சரி, அந்தப் பள்ளத்தை மட்டும் உங்க கையில குடுத்து, கரியாலையே பாத்திராத ஒருத்தரா நீங்க இருந்தா, அங்க ஒரு பந்து சைஸுக்குக் குமிழ் இருந்துச்சு, அதை வெச்சு அவன் சத்தம் எழுப்பினான்னு சொல்லிருப்பீங்களா? ஏதோ சைனஸ்னு எழுதிட்டுப் போயிருப்போம்.

எனக்கு இன்னும் பெரிய கோவம் வேற இடத்துல. கற்பனையே பண்ணாம பாதுகாப்பா வரைஞ்சேன்னு சொல்றவங்க என்ன பண்றாங்க? பவுருசூக்கஸ் மாதிரி நிமிந்து நடந்த நில வேட்டைக்காரனை எடுத்து இப்போ இருக்கற முதலையோட தோலை அப்படியே போத்தி, வாலுல அந்த ரம்பப்பல்லு மாதிரி நெட்டுக்குத்தா நிக்கற செதில் வரிசையையும் ஒட்டி விட்டுடறாங்க. அந்த வால் செதில் எதுக்கு? நீந்த. அதோட உசரம் பூரா தோலும் கெரட்டினும் (நம்ம நகம் ஆகியிருக்கற பொருள்)தான, ஃபாசில்ல எங்க இருந்து வந்துச்சு? தும்பிக்கை வெச்சவன் பண்ணது எவ்வளவு கற்பனையோ இதுவும் அவ்வளவு கற்பனை, என்ன, பழக்கப்பட்ட கற்பனைங்கறதால யாரும் கேள்வி கேக்கறதில்ல. முதுகுல தட்டு வரிசையும் அப்படித்தான். பிரேசில்ல கிடைச்ச பிஸ்ஸார்ராசாம்ப்சாவோட உடம்பு எலும்பை 2016-ல விவரிச்சப்போ அதுக்கு முதுகுத் தட்டே இருந்ததில்லைன்னு எழுதினாங்க. தட்டே இல்லாதவனுக்கு முதலை முதுகு எப்படி வரும்?

கடலுக்குப் போன கிளையைப் பாருங்க, மெட்ரியோரிங்கிட்னு சொல்றாங்களே, ஜெர்மனியில சோல்ன்ஹோஃபன் கல்லுல அதோட தோலே பதிஞ்சிருக்கு, 2021-ல வந்த கட்டுரைப்படி செதிலே இல்லாம வழவழன்னு இருக்கு, வாலுல மீன் மாதிரி துடுப்பு. அதோட மண்டையோட்டை மட்டும் பாத்தா யாராவது வழவழ முதலை வரைவாங்களா? முதலைன்னா இப்படித்தான்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இப்போ மிச்சம் இருக்கறது தண்ணியில படுத்துக் கிடக்கற ஒரே ஒரு கிளை. அதோட அச்சுல மத்தவங்களை வார்க்காதீங்க.

அரியலூர்க்காரன்:

செம்ம திரெட். எங்க ஊர்ப் பக்கத்துக் கதை ஒண்ணு சொல்லவா? அரியலூர் மாவட்டத்துல கல்லமேடுன்னு ஒரு பாறை அடுக்கு இருக்கு. அரியலூர்னா எல்லாரும் கடல் ஃபாசில்தான் சொல்வாங்க, அம்மோனைட்ங்கற சுருள் ஓட்டு உயிர் அது இதுன்னு, ஆனா கல்லமேடு அடுக்கு நிலத்து அடுக்கு, கிரிட்டேசியஸோட கடைசிக் காலம், அதாவது டைனோசர் அழியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்க இருந்து 2013-ல பிரசாத் குழு வெளியிட்ட பொருள்ல சைமோசூக்கஸ் மாதிரியான ஒண்ணோட பல்லும் இருந்துச்சு. சைமோசூக்கஸ் மடகாஸ்கர்ல இருந்து 2000-ல வந்த மிருகம், முக்கா மீட்டர் நீளம், மூஞ்சி அப்படியே பக் நாய் கணக்கா சப்பையா இருக்கும், பல்லு கிராம்பு வடிவம், செடி தின்னதுன்னு சொல்றாங்க. மடகாஸ்கரும் இந்தியாவும் சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருந்ததால சொந்தக்காரங்க ரெண்டு பக்கமும் இருக்கறதுல ஆச்சரியம் இல்ல. இங்க கிடைச்சது பல்லு, அவ்வளவுதான். அதை வெச்சு அரியலூர் முதலைன்னு யாரும் முழுசா செஞ்சுடாதீங்க, ஏற்கனவே வாட்ஸாப்ல என்னென்னமோ ஓடுது.

நான் சொல்ல வந்தது, களிமண்கை அண்ணே, தலை மட்டும் இருக்கற கப்ரோசூக்கஸுக்குப் பதிலா சைமோசூக்கஸ் செய்யுங்களேன். கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடும் இருக்கு, 2010-ல அதுக்குன்னே தனியா ஒரு பெரிய தொகுப்பு போட்டாங்க. கழுத்து, முதுகு, வயிறு, வால், கை கால்னு எல்லா இடத்துலயும் எலும்புத் தட்டு, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். உடம்போட வெளி அளவே தட்டுதான சொல்லுது, சதை எவ்வளவு தடிமன்னு யூகிக்கற வேலையே பாதி குறைஞ்சிடும். வால் குட்டையூண்டு, நீந்தற வாலே இல்ல. மூஞ்சிக்கு மட்டும் நீங்க யோசிச்சா போதும்.

அந்த மூஞ்சிலதான் ஒரு சுவாரசியம் இருக்கு. முதலை முகத்துல செதில் ஒழுங்கே இல்லாம வெடிச்ச மாதிரி இருக்கும்ல, 2013-ல ஜெனீவாவுல மிலின்கோவிச் குழு அது ஜீன் போட்ட கோலம் இல்ல, கருவுல தோல் வெடிக்கற பௌதிக விளைவுன்னு சொன்னாங்க. 2024 கடைசில அதே குழு இன்னும் ஆழமாப் போய், எலும்பை விட தோல் வேகமா வளருது, இடம் பத்தாம அமுங்கி மடியுது, அந்த மடிப்புதான் செதில் ஓரம்னு காட்டினாங்க. முட்டைக்குள்ள இருக்கற கருவுக்கு தோல் வளர்ச்சியைத் தூண்டற புரோட்டீனைக் குடுத்துப் பாத்தா மடிப்பு இன்னும் தாறுமாறா வந்துச்சு. அப்போ தாடை நீளாம குட்டையா நின்ன சைமோசூக்கஸுக்கு அதே மடிப்பு வருமா, வேற மாதிரி வருமா? இங்க கற்பனைக்கு நல்ல இடம் இருக்கு.

புதுசா வந்தவன்:

நான் இதுக்குப் புதுசு, முட்டாள்தனமா இருந்தா மன்னிச்சிடுங்க. டைனோசர் காலத்துல பறந்த டெரோசாருக்கு ரோமம் மாதிரி இருந்துச்சு, டைனோசருக்கு இறகு இருந்துச்சு. இவங்க எல்லாம் முதலைக்கு ஒண்ணு விட்ட சொந்தம்தான? அப்போ குளிர்ல திரிஞ்ச நில முதலைக்கு லேசா பஞ்சு மாதிரி ரோமம் இருக்கக் கூடாதா?

மாட்டு டாக்டர்:

முட்டாள்தனமான கேள்வி இல்ல தம்பி, நல்ல கேள்வி. அலிகேட்டர் கருவோட செதில்ல இறகு வளர உதவற சில ஜீன்களை வேணும்னே கூட்டி ஓட விட்டுப் பாத்திருக்காங்க, 2018-ல, செதில் நீண்டு இறகோட ஆரம்பக் கட்டம் மாதிரி சில மாற்றம் வந்துச்சு. ஆக அந்தத் தோலுக்கு அடிப்படைக் கருவி கொஞ்சம் இருக்கு. ஆனா ஆய்வகத்துல தூண்டி விட்டா வர்றதுக்கும் காட்டுல தானா வளர்ந்துச்சுங்கறதுக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி. முதலைக் கூட்டத்துல இதுவரைக்கும் பதிஞ்சு கிடைச்ச தோலெல்லாம் ஒண்ணு செதில், இல்ல வழவழ. ரோமம் ஒரு இடத்துலயும் இல்ல.

குளிருக்குத்தான் ரோமம்னா உடம்பு சூடு இருக்கணும். நோட்டோசூக்கஸ் கூட்டத்தோட எலும்பை நுண்ணோக்கியில பாத்து 2020-ல க்யூபோ குழு, இவங்க வெயில் காஞ்சு சூடாகற வகைதான்னு முடிவுக்கு வந்தாங்க. முதலையோட முன்னோர்கள் ரொம்பப் பழைய காலத்துல சூடு ரத்தமா இருந்திருக்கலாம்னு 2004-ல சீமோர் எழுதினது வேற கதை, அவரு அதுக்கு முதலையோட நாலு அறை இதயத்தை வெச்சு வாதாடினாரு, அதைப் பத்தி இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. வெயில் காயற மிருகத்துக்கு ரோமம் போட்டா வெயில் உள்ள போகாது, இடைஞ்சல்தான். ட்ரையாசிக் காலத்து (டைனோசர் முதல்ல வந்த காலம்) ஓட்டக்காரக் குட்டி முதலைக்கு வேணா யாராவது பஞ்சு வெச்சா நான் சண்டை போட மாட்டேன். பவுருசூக்கஸுக்கு வெச்சா போடுவேன்.

மேஸ்திரிக்கு ஒரு பதில்: கரியால் உதாரணம் சூப்பர், ஆனா அது என் பக்கத்துக்கும் சேத்துதான் பேசுது. பள்ளம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல? அங்க ஏதோ இருந்துச்சுன்னு எலும்பு சொல்லிடுச்சு, எவ்வளவு பெருசுன்னுதான் சொல்லல. அந்த ஏதோங்கற இடத்துல நீங்க கற்பனை பண்ணுங்க, நான் கை தட்டறேன். எட்மொன்டோசாரஸ் கொண்டைக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல.

பொம்மை மேஸ்திரி:

அந்தக் கொண்டைதான் டாக்டர் என் மொத்தக் கட்சியும் 😄

களிமண்கை:

அடேங்கப்பா, நான் ரெண்டு வரி பதில் எதிர்பாத்தேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கப்ரோசூக்கஸைத் தலை மட்டும் மார்பளவு சிலை மாதிரி செஞ்சுடலாம்னு முடிவு பண்ணிட்டேன், உடம்பு வேணாம். பிடரி அவுட். நோட்டோசூக்கஸுக்கு சதைப்பிடிப்பான ஈர மூக்கு, கன்னத்துல லேசா தோல் மடிப்பு. தும்பிக்கை கிடையாது. அடுத்து சைமோசூக்கஸ், அரியலூர் தம்பிக்காக.

இன்னும் ரெண்டு டவுட்டு. ஒண்ணு, கப்ரோசூக்கஸ் கொம்பு மேல உறை வைக்கவா வேணாமா? ரெண்டு, காது. முதலைக்கு வெளிக்காது இருக்கா இல்லையா, படத்துல யாருமே ஒழுங்கா காட்ட மாட்டேங்கறாங்க.

மாட்டு டாக்டர்:

காது கண்டிப்பா வைங்க, இந்த மொத்த மூஞ்சியிலயும் எலும்பு உங்களுக்குக் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கற இடம் அதுதான். கண்ணுக்குப் பின்னாடி மண்டையோட்டு மேல் ஓரம் கூரை மாதிரி வெளில நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குக் கீழ காது ஓட்டை. அதை மூட மேல இருந்து தொங்கற ஒரு தோல் மடல் உண்டு, இமை மாதிரி மேல கீழ அசையும், தண்ணிக்குள்ள போகும்போது ஒட்டி மூடிக்கும். அந்த மடலை அசைக்கற தசை புடிச்சிருக்கற நீளக் குழிவு எலும்போட ஓரத்துல ஒரு கோடு மாதிரி ஓடும், பழைய நில முதலைங்க நிறைய பேருக்கும் அந்தக் கோடு இருக்கு. பறவைக்கு இந்த மடல் கிடையாது, இருந்தாலும் கோடு இருக்கறதால தைரியமா வைக்கலாம். தண்ணியில வாழாதவனுக்கு இது தூசிக்கும் பூச்சிக்கும் உதவிருக்கும்னு நான் நினைக்கறேன். மெல்லிசா ஒரு நீள மடல், பின்னோரம் லேசா திறந்து. நாய்க்காது மாதிரி தூக்கி மட்டும் நிறுத்திடாதீங்க.

கண்ணு மேலயும் கவனம். இந்தக் கூட்டத்துல நிறைய பேருக்குக் கண்ணுக்கு மேல தனியா இமையெலும்பு உண்டு, சிலதுக்கு ஒரு கண்ணுக்கு ரெண்டு. ஃபாசில்ல அது கழண்டு விழுந்திருந்தா மண்டையோட்டுல கண்ணு குழி மேல பாத்து பெருசா திறந்த மாதிரி தெரியும், அதைப் பாத்து முட்டைக்கண்ணு வெச்சிடறாங்க. நீங்க செய்யற ஒவ்வொண்ணுக்கும் அது இருக்கா, இருந்து விழுந்துடுச்சான்னு பாத்துக்கோங்க. இருந்தா புருவம் முன்னாடி துருத்தி, கண்ணு பக்கவாட்டுல ஒதுங்கி, எப்பவும் முறைச்ச மாதிரி இருக்கும்.

பொம்மை மேஸ்திரி:

கொம்பு என் ஏரியா. அந்த எலும்பு சொரசொரன்னு இருக்கு, அதனால மேல தடிமனா ஏதோ இருந்துச்சுன்னு சொல்லலாம். எலும்போட மேற்பரப்பு எப்படி இருந்தா மேல கொம்பு உறை, எப்படி இருந்தா தடிச்ச தோல் பட்டை, எப்படி இருந்தா வெறும் செதில்னு கஸ்தூரி எருது, காண்டாமிருகம் எல்லாம் வெச்சு 2009-ல ஒரு பட்டியலே போட்டாங்க, பாக்கிரைனோசாரஸ்ங்கற டைனோசரோட முகத்துக்காகப் பண்ணது. கப்ரோசூக்கஸை அந்தக் கண்ணோட பாத்தா ஆட்டுக்கொம்பு நீளமெல்லாம் எனக்கு மனசு வரல. கியூபா முதலைக்கு இப்பவும் அதே இடத்துல மேடு இருக்கு, மடகாஸ்கர்ல அழிஞ்ச வோய்ங்கற கொம்பு முதலைக்கும் இருந்துச்சு. கியூபா முதலையில அந்த மேட்டைத் தோல்தான் போத்திக்கிட்டு இருக்கு, உறையெல்லாம் இல்ல. ஒரு விரல் நகம் தடிமனுக்கு கெரட்டின் மூடி, நுனி கொஞ்சம் தேஞ்சு, ஒரு பக்கம் சிதறி உடைஞ்ச மாதிரி செஞ்சா போதும். அதே மாதிரி மூக்கு நுனியிலயும். அங்க எலும்பு ஓரம் தூக்கிக்கிட்டு சொரசொரன்னு இருக்கறதால கெரட்டின் கவசம் இருந்திருக்கும்னு முதல் கட்டுரையிலயே சொல்லிருக்காங்க. அதை யாரும் வரைய மாட்டேங்கறான், பிடரியை மட்டும் வரையறான்.

கால் செய்யற மிருகத்துக்குப் பாதம் வேணும்னா கொரியாவுல சாச்சியான் கிட்ட கிடைச்ச தடத்தைப் பாருங்க, 2020-ல வந்தது, 18-லிருந்து 24 செ.மீ. நீளத் தடம், ரெண்டு காலால நடந்த முதலைச் சொந்தம்னு அவங்க சொல்றாங்க, உள்ளங்கால் செதில் அச்சு கூட சேத்துல பதிஞ்சிருக்கு. நில முதலையோட தோல் நேரடியா பாக்கக் கிடைக்கற அபூர்வமான இடம் அது. சைமோசூக்கஸ் கால் அதைவிட ரொம்பச் சின்னது, செதிலை அளவுக்குத் தகுந்த மாதிரி குறைச்சுக்கோங்க, அப்படியே காப்பி அடிச்சா பூதக்கால் ஆயிடும்.

அரியலூர்க்காரன்:

முடிச்சதும் படம் போடுங்கண்ணே. கலர் மட்டும் பச்சை அடிச்சுடாதீங்க, செம்மண்ணுல திரிஞ்சவன் அவன்.